தாய் இலையைப் பார்த்துப் பறியுங்கள்: குமரி மாவட்டத்தில் சுருளிக்கீரை தேடுவோருக்கு

மே மாதக் கடைசியில் இரண்டு நல்ல மழை பெய்து முடிந்ததும் குலசேகரம், திருவட்டாறு பக்கம் ஏதாவது ஒரு தோட்டுக்கரையில் போய் நின்று பாருங்கள். (சின்ன ஓடையை எங்கள் பக்கம் தோடு என்போம்.) அதுவரை மண்ணோடு மண்ணாகக் கிடந்த பெரணிக் கூட்டத்தின் நடுவிலிருந்து, நத்தை ஓடு போலச் சுருண்ட பச்சைக் குருத்துகள் வரிசையாக எழும்பி நிற்கும். மலையாளத்தில் இதைச் சுருளி என்கிறார்கள். கேரள எல்லையை ஒட்டி வாழ்வதால் நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். தாவரவியலில் இதன் பெயர் டிப்ளாசியம் எஸ்குலென்டம். எஸ்குலென்டம் என்றால் லத்தீனில் 'தின்னத் தகுந்தது' என்று பொருள்.

குளிர்நாடுகளில் பனி உருகி வசந்தம் தொடங்கும்போது காட்டுத் தரையில் இப்படிக் குருத்துகள் முளைக்கும். கனடாவிலும் ஜப்பானிலும் அதற்காகவே காத்திருந்து பறிப்பார்கள். அது நெருப்புக்கோழிப் பெரணி என்ற வேறு இனம். நம் ஊரில் பனியும் இல்லை, அந்த வசந்தமும் இல்லை. இங்கே பெரணியை எழுப்பிவிடுவது மழைதான். சித்திரையின் கோடைமழையில் ஒன்றிரண்டு தலைகாட்டும், இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், கூட்டமாக வரும், ஐப்பசி மழையில் இன்னொரு முறை வரும். வருடத்தில் இரண்டு மழைக்காலம் கிடைப்பதால் சுருளியும் நமக்கு இரண்டு தடவை கிடைக்கிறது.

சமீபமாக நிறையப் பேர், முக்கியமாக ஊரை விட்டுப் போய்த் திரும்பி வந்த இளையவர்கள், இந்தக் கீரையைப் பற்றிக் கேட்கிறார்கள். கேட்பது சந்தோஷம்தான். ஆனால் கேட்காமலே பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். போன வருடம் தெரிந்த பையன் ஒருவன் பிளாஸ்டிக் பை நிறையக் குருத்தோடு வீட்டுக்கு வந்தான். "அண்ணா, சுருளி கிடைச்சிருக்கு" என்றான். பையைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு, அழகாகச் சுருண்டிருந்தன. எங்கே பறித்தாய் என்று கேட்டேன். பழைய சுண்ணாம்பு மதில் ஒன்றின் இடுக்கில் என்றான். அது சுருளியே இல்லை. டெரிஸ் விட்டாட்டா என்ற வேறொரு பெரணி. மண்ணில் இருக்கும் ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சித் தன் இலையில் சேர்த்து வைக்கும் செடி என்று 2001இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தது இதைத்தான். நஞ்சு கலந்த நிலத்தைச் சுத்தம் செய்வதற்கு வளர்க்கும் செடியை அவன் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) வைக்கக் கொண்டு வந்திருந்தான்.

அவன் மேல் தப்பில்லை. சுருண்டிருப்பதுதான் அடையாளம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரணிகளில் ஏறக்குறைய எல்லாமே சுருண்டுதான் பிறக்கும். குருத்தின் உள்பக்கம் வேகமாக வளரும்போது சுருள் பிரிந்து இலை நிமிரும். நல்லது, கெட்டது இரண்டும் அப்படித்தான் நிமிரும். அதனால் குருத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது. அதே தூரில் நிற்கும் முற்றிய இலையைப் பார்க்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மச்சி அதைத் 'தாய் இலை' என்பார். இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் இடம்

சுருளிக்கு ஓடுகிற தண்ணீர் பக்கத்தில் வேண்டும், அரை நிழல் வேண்டும், மணல் கலந்த வண்டல் வேண்டும். தோட்டுக்கரை, வாழைத் தோட்டத்தின் வடிகால், ரப்பர் விளைக்கு (தோட்டத்தை விளை என்போம்) கீழே ஈரம் தேங்கும் பள்ளம், கமுகந்தோட்டத்தின் ஓரம், இவைதான் அது விரும்பும் இடங்கள். மதில் இடுக்கு, பனைமரத் தண்டு, மண்வெட்டிய சாலைச் சரிவு போன்ற இடங்களில் பெரணி நின்றால் அது சுருளியாக இருக்காது. பாதித் தவறு இந்த ஒரு கணக்கிலேயே கழிந்துவிடும்.

கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு வட்டங்களில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் காற்றும் வெயிலும் அதிகம். அங்கே தேடி அலைவதில் பலனில்லை. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வேறொரு பெரணி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

எங்கே பறிக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. கோதையாறு, கீரிப்பாறை, காளிகேசம் என்று நாம் ரசிக்கப் போகும் இடங்கள் பலவும் காட்டோடு ஒட்டியவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்திலிருந்து அனுமதி இல்லாமல் எதையும் எடுத்து வர முடியாது, ஒரு கைப்பிடிக் கீரையும் அதில் அடக்கம். பேச்சிப்பாறை மலைப் பக்கம் வாழும் காணி மக்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருட்கள் மேல் உரிமை தந்திருக்கிறது. அது அவர்களுக்குச் சேர வேண்டியது. காரில் போய் இறங்கும் நாம் அதில் கை வைப்பது சரியில்லை. யானை இறங்கும் இடங்களும் அவை. தனியார் விளைகளிலேயே தேவைக்கு மேல் சுருளி நிற்கிறது. விளைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

விளைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: களைக்கொல்லி அடித்தீர்களா, எப்போது அடித்தீர்கள்? ரப்பர் விளையில் மருந்து அடிப்பது இப்போது சாதாரணம். அடித்த மருந்து மழையில் கழுவிப் பள்ளத்துக்குத்தான் வரும், பள்ளத்தில்தான் நம் சுருளி நிற்கிறது. உரிமையாளர் வெளியூரில் இருந்தால் காலையில் பால் வெட்ட வருபவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் அந்த விளையில் ஒன்றும் நடக்காது. அந்தப் பருவத்தில் மருந்து பட்டிருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதுதான் நல்லது. வீட்டுக் கழிவுநீர் கலக்கும் ஓடை, சாலையோரச் சாக்கடை இரண்டையும் சேர்த்தே ஒதுக்கிவிடுங்கள்.

தாய் இலையைப் படிப்பது

இதற்கு அவசரப்படாதீர்கள். முதல் நாள் கத்தியே கொண்டுபோக வேண்டாம், பார்க்க மட்டும் போங்கள்.

தூரில் நிற்கும் பெரிய இலை ஒன்றைப் பிடித்து நிமிர்த்துங்கள். முற்றிய சுருளி இலை இடுப்பளவு வரும், நல்ல ஈரமான இடத்தில் ஆளுயரம்கூடப் போகும். நடுத்தண்டின் இரண்டு பக்கமும் கிளைத்தண்டுகள் இருக்கும். ஒவ்வொரு கிளைத்தண்டிலும் இரண்டு பக்கமாகச் சிற்றிலைகள் இருக்கும். அதாவது இலை இரண்டு முறை பிரிந்திருக்க வேண்டும். இளஞ்செடியில் ஒரு முறை மட்டும் பிரிந்திருக்கும். அதனால்தான் இளஞ்செடியை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன்.

தண்டைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று முடியில்லாமல் இருக்கும். அடியில், மண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் கரும்பழுப்புச் செதில்கள் இருக்கும். தூர் பழையதாக இருந்தால் அடியில் குட்டை மரத்தண்டு மாதிரி ஒரு கட்டை எழும்பியிருக்கும்.

இனி இலையைத் திருப்புங்கள். பெரணிக்குப் பூவும் விதையும் கிடையாது. இலையின் பின்பக்கத்தில் வித்துத்தூள் இருக்கும், அது எந்த வடிவில் அடுக்கியிருக்கிறது என்பதுதான் செடியின் கையெழுத்து. சுருளியில் அது நரம்பை ஒட்டிக் கோடு கோடாக, மீன்முள் போல இருக்கும். முதல் தடவை பார்த்தபோது யாரோ பழுப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்தது மாதிரி இருந்தது எனக்கு. கோட்டின் மேல் விரலை வைத்துத் தேய்த்தால் துரு மாதிரித் தூள் ஒட்டும்.

நம் ஓடைக்கரைகளில் சுருளியோடு கலந்து நின்று ஏமாற்றுவது கிறிஸ்டெல்லா வகைப் பெரணி. நிழலும் ஈரமும் அதற்கும் பிடிக்கும். அதன் பின்பக்கத்தில் கோடு இருக்காது, பொட்டுப் பொட்டாக இருக்கும். இலையைக் கன்னத்தில் வைத்தால் மெல்லிய முடி உரசும். இலையும் ஒரு முறைதான் பிரிந்திருக்கும். மதிலில் நிற்கும் டெரிஸில் வித்துத்தூள் இலையின் ஓரத்தை ஒட்டி ஒரே வரியாகப் போகும். தென்னை, பனை மரத்தில் தொற்றி நிற்கும் வாள்பெரணியில் ஓரத்துக்குப் பக்கத்தில் சின்னப் பொட்டுகள் இருக்கும்.

இன்னொன்று பிராக்கன் பெரணி. வெயில் விழும் உயர்ந்த மலைவெளிகளில், ஓடையை விட்டுத் தள்ளி வளரும். தூராக வராது. மண்ணுக்கடியில் ஓடும் கிழங்கிலிருந்து ஒவ்வொரு தண்டாக, முக்கோண இலையோடு தனித்தனியே எழும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. ஜப்பானில் சாம்பல் நீரில் ஊறவைத்துப் பக்குவம் செய்து இதைத் தின்பார்கள். அந்தப் பக்குவம் நமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தேவையில்லை. சுற்றுலா போகிற மலைகளில் புல்வெளி நடுவே குருத்து கண்டால் அதைப் பறிக்கவே வேண்டாம்.

மீன்முள் கோடு இருக்கிற வேறு பெரணிகளும் உண்டு. அதனால் கோடு மட்டும் போதாது. இடம், இரட்டைப் பிரிவு, முடியில்லாத தண்டு, கோடு என்று நான்கும் ஒரே செடியில் சேர வேண்டும். ஒன்று இடறினாலும் விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். அப்புறம், முதல் தடவை பறிக்கும்போது அதைச் சின்ன வயசிலிருந்து தின்று வரும் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் எழுதுவதைப் படித்தாலும், போனில் படம் பார்த்தாலும் அது அதற்கு ஈடாகாது. உங்கள் ஊரிலேயே அப்படி ஒருவர் இருப்பார். பெரும்பாலும் எழுபது வயசுக்கு மேற்பட்ட பெண்ணாக இருப்பார், யாரும் வந்து கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டும் இருப்பார்.

பறிப்பது

எனக்கு வழிகாட்டிய அம்மச்சி கத்தி பிடித்து நான் பார்த்ததில்லை. குருத்தின் தலைக்கு ஒரு சாண் கீழே கட்டைவிரலை வைத்து மெதுவாக வளைப்பார். டப் என்று சத்தம் வந்தால் மடியில் போடுவார். ஒடியாமல் வளைந்தால் அப்படியே விட்டுவிடுவார். "ஒடியாததத் தின்னா நாருதான் மக்ளே, அது எலையாப் போயிட்டு" என்பார். சத்தம் வரும் இடத்துக்கு மேலே இருப்பதுதான் கீரை. அதற்குக் கீழே உள்ளதை எவ்வளவு வேகவைத்தாலும் பல்லில் மாட்டும்.

தலை இறுக்கமாகச் சுருண்டிருப்பதுதான் முதல் தரம். லேசாகப் பிரிந்து இரண்டு மூன்று கிளைச்சுருள் வெளியே வந்திருந்தாலும் பரவாயில்லை, ஒடிந்தால் எடுக்கலாம். விரிந்துவிட்டதை விட்டுவிடுங்கள். ஒரு தூரில் ஐந்து குருத்து இருந்தால் நான் இரண்டு எடுப்பேன். மீதி விரிந்தால்தான் தூருக்குச் சோறு. எல்லாவற்றையும் வழித்து எடுத்த தூர் அடுத்த மழையில் மெலிந்து போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

காலையில் போங்கள். கையில் ஒரு கம்பு இருக்கட்டும். தூருக்குள் கைவிடும் முன்னால் கம்பால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஈரமான இலைச்சருகு விரியன் படுக்கும் இடம். காலில் புண் இருந்தால் ஓடையில் இறங்கவே வேண்டாம், மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். அட்டை கடித்தால் உப்போ சுண்ணாம்போ போதும், பதற ஒன்றுமில்லை.

பறித்ததை வாழையிலையில் சுற்றிக் கொண்டு வாருங்கள். ஒடித்த முனை சீக்கிரம் கறுத்துவிடும். அன்றைக்கே சமைத்துவிட வேண்டும்.

வேகவைப்பது

இதில் நான் ஒரு முறை தவறினேன். பச்சை நிறம் போய்விடுமே என்று ஆசைப்பட்டு, கடுகு தாளித்ததில் நேராகப் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டி இறக்கிவிட்டேன். வீட்டில் மூன்று பேருக்கு ராத்திரி முழுவதும் வயிற்றுப் பிரட்டல். அன்றிலிருந்து ஒரு வழிதான்.

குருத்தைத் தண்ணீரில் போட்டுக் கையால் கசக்கினால் பழுப்புச் செதில் உதிர்ந்து மிதக்கும். தண்ணீரை மூன்று தடவை மாற்றுங்கள். சுருளுக்குள் மணல் ஒளிந்திருக்கும், விரலால் பிரித்துக் கழுவுங்கள். நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, குருத்தைப் போட்டு 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். அந்தத் தண்ணீர் பழுப்பாகிவிடும், அதைக் கொட்டிவிட வேண்டும். ரசத்துக்கோ குழம்புக்கோ எடுத்து வைக்காதீர்கள். 15 நிமிடம் என்பது நெருப்புக்கோழிப் பெரணிக்குக் கனடா சுகாதாரத் துறை சொல்லும் கணக்கு. சரியாக வேகாத குருத்தைத் தின்று நியூயார்க்கிலும் மேற்குக் கனடாவிலும் பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது 1994இல் பதிவாகியிருக்கிறது. நம் சுருளி வேறு இனம் என்றாலும் அந்தக் கணக்கையே நானும் வைத்திருக்கிறேன்.

பல பெரணிகளில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. சூடு அதைப் பெருமளவு அடக்கும். அதனால் சாலட், ஜூஸ் என்று பச்சையாக எதுவும் செய்ய வேண்டாம். முதல் முறை தின்பவர் இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள். பருவத்தில் வாரத்துக்கு ஒரு நாள் போதும். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் எங்கள் வீட்டில் கொடுப்பதில்லை.

இனித் துவரன். நாலு பேருக்குக் கால் கிலோ குருத்து, பத்துப் பதினைந்து சக்கைக்குரு (பலாக்கொட்டை). சக்கைக்குருவைத் தோல் நீக்கி நீளவாக்கில் நறுக்கித் தனியாக வேகவைத்துக்கொள்ளுங்கள். வெந்த சுருளியைப் பிழிந்து விரலளவு நறுக்குங்கள். அரை மூடித் தேங்காயைத் திருவி, காந்தாரி மிளகாய் நாலு, சீரகம் அரைக் கரண்டி, வெள்ளைப்பூடு மூன்று பல், கொஞ்சம் மஞ்சள் சேர்த்து அம்மியில் சதைத்து எடுங்கள். அரைக்கக் கூடாது, தேங்காய் உதிரியாக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்து, சின்ன உள்ளி ஒரு கைப்பிடி வதக்கி, சுருளியையும் சக்கைக்குருவையும் போட்டுத் திறந்தே வையுங்கள். மூடினால் வெண்டைக்காய் மாதிரி வழுவழுப்பு நின்றுவிடும். ஈரம் வற்றியதும் தேங்காயைப் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டி இறக்கலாம். பச்சைப் பயறும் முருங்கைக்காயும் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும். கஞ்சிக்கு இது போதும், வேறு கறி தேட மாட்டீர்கள்.

அஸ்ஸாமில் இதே செடியைத் தெக்கியா என்று மீனோடு சமைக்கிறார்கள், மலேசியாவில் புச்சுக் பாக்கு என்று தேங்காய்ப்பாலில் போடுகிறார்கள். மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பியவர் உங்கள் தெருவில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அங்கே காசு கொடுத்து வாங்கியிருப்பார்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்பக்கம் இருப்பவர்களுக்கு ஆரைக்கீரை இருக்கிறது. அதுவும் பெரணிதான் என்றால் பலரும் நம்புவதில்லை. வயல் வரப்போரம் தண்ணீரில், ஒரே காம்பின் நுனியில் நாலு இலை கூட்டல் குறி மாதிரி விரிந்து நிற்கும். கிட்டக் குனிந்து இளம் இலை ஒன்றைத் தேடிப் பாருங்கள், அதுவும் குட்டியாகச் சுருண்டிருக்கும். மூன்று இலை இருந்து, கடித்தால் புளித்தால் அது புளியாரை, பெரணி இல்லை. ஆரையின் உறவுக்காரச் செடி ஒன்று ஆஸ்திரேலியாவில் நார்டூ என்ற பெயரில் இருக்கிறது. 1861இல் அந்த நாட்டின் உள்பகுதியைக் கடக்கப் போன பர்க், வில்ஸ் இருவரும் சாகும் முன்னால் அதைத் தின்றுதான் நாள் ஓட்டினார்கள். பக்குவம் தெரியாமல் தின்றதில் பி1 சத்து அழிந்துபோனதும் சாவுக்கு ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ஆரையையும் நன்றாக வேகவைத்தே தின்னுங்கள். நடவுக்குப் பிறகு மருந்து அடித்த வயலில் பறிக்காதீர்கள்.

வீட்டில் வளர்ப்பது

கிணற்றடியிலோ, மழைத்தண்ணீர் வடியும் வாழைமூட்டிலோ இடமிருந்தால் சுருளியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். சோப்புத் தண்ணீர் போகும் இடம் வேண்டாம். அனுமதி தந்த விளையிலிருந்து, பெரிய தூரைத் தொடாமல், பக்கத்தில் தனியாக வேர்விட்ட சின்னக் கன்று ஒன்றை மண்ணோடு தோண்டி எடுங்கள். ஜூன் மழையில் நடுங்கள். தூரின் நெஞ்சு (குருத்து கிளம்பும் நடு) மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், புதைந்தால் அழுகும். சுற்றிலும் ஆற்றுமணலும் காய்ந்த இலையும் போட்டு மூடுங்கள். முதல் வருடம் குருத்தைத் தொடாதீர்கள், எல்லாம் விரியட்டும். அந்த இலைகள் முற்றியதும் ஒன்றைத் திருப்பி மீன்முள் கோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அடுத்த இடவப்பாதிக்கு உங்கள் கிணற்றடியிலேயே குருத்து ஒடிக்கலாம்.